தூர்வாரிய வீடு ஏன் மறுபடியும் நிறைகிறது?

ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் சாப்பாட்டு மேசையின்மேல் விரலால் பெயர் எழுதலாம். அந்த ஒரு மாதமும் அங்கே யாரும் நடக்கவில்லை, சமைக்கவில்லை, துணி உதறவில்லை. சன்னல்களும் சாத்தித்தான் இருந்தன. பிறகு இந்தத் தூசியைக் கொண்டுவந்து போட்டது யார்?

ஆளில்லாத வீட்டுக்கே இந்தக் கதி என்றால், நான்கு பேர் புழங்கும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போகிக்கு முன்னால் பரணைக் காலிசெய்து, ஒட்டடை அடித்து, வேண்டாததை மூட்டை மூட்டையாகக் கழித்துக்கட்டுகிறோம். பொங்கலன்று வீடு பளிச்சென்று இருக்கிறது. சித்திரை பிறப்பதற்குள் நாற்காலியின்மேல் மடிக்காத துணி ஏறிவிடும். மேசையில் ரசீதும் மாத்திரை அட்டையும் சார்ஜர் வயரும் இடம்பிடித்துவிடும். "எவ்வளவு செய்தாலும் இந்த வீட்டில் நிற்கமாட்டேங்குது" என்ற புலம்பலும் தொடங்கிவிடும்.

இதற்கான பழி வழக்கமாகச் சோம்பலின்மேல்தான் விழும். ஆனால், வீட்டைக் கழித்து ஒழுங்குபடுத்துவதை உலகம் முழுக்கப் பேசவைத்த ஜப்பானியப் பெண்மணி மாரி கொண்டோவே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு அதையெல்லாம் ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. கழிப்பது ஒரு வேலை, கழித்த நிலையைக் காப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவதற்கு ஒரு நாள் உற்சாகம் போதும். இரண்டாவதற்குப் பின்னால் இயற்பியலும் வேதியியலும் உளவியலும் வரிசைகட்டி நிற்கின்றன.

ஏரிக் கணக்கு

ஏரியைத் தூர்வாரினால் ஆழம் கூடும். ஆனால் அடுத்த மழைக்கு வரத்துக்கால் வழியே வரும் வெள்ளம் வண்டலைச் சுமந்துகொண்டுதான் வரும். நாம் வாரியது பழைய வண்டலை. புது வண்டலை அது எந்த வகையிலும் தடுக்காது. ஏரி எத்தனை ஆண்டு ஆழமாக இருக்கும் என்பது எவ்வளவு வாரினோம் என்பதைவிட, ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதையே பொறுத்தது.

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். இதை ஒரு தேற்றமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியராக விளங்கிய ஜான் லிட்டில் 1961-இல் ஒரு விதியை நிரூபித்தார். வரிசைகளை ஆராயும் கணிதத்தில் அதற்கு லிட்டில் விதி என்றே பெயர். ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பொருள் இருக்கும்? அவை வந்துசேரும் வேகத்தை, ஒவ்வொன்றும் அங்கே தங்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் வருவதுதான் விடை. வங்கியில் நிற்கும் வரிசை, ஆஸ்பத்திரியில் நிரம்பும் படுக்கை, கிடங்கில் தேங்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் பீரோவுக்கும் பொருந்தும்.

நாளிதழையே எடுத்துக்கொள்வோம். தினமும் ஒன்று வருகிறது. மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது என்றால் ஓர் இதழ் சராசரியாகத் தங்குவது அரை மாதம். எந்த நாளில் எண்ணினாலும் வீட்டில் சராசரி 15 இதழ்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் போடுகிறோம் என்றால் சராசரி 90. வரத்து மாறவே இல்லை, வெளியேறும் வழி மட்டும் குறுகியது.

துணிக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஐந்து புதுத் துணி வருகிறது, ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டு பீரோவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5-ஐ 60 மாதத்தால் பெருக்க வீட்டில் 300 துணி. போகிக்கு 150-ஐக் கழித்துவிட்டோம். நல்ல காரியம்தான். ஆனால் மாதம் ஐந்து வருவதும், ஐந்து ஆண்டு தங்குவதும் அப்படியே இருந்தால் பீரோ மெல்ல மெல்ல அந்த 300-க்கே திரும்பும். 150-இல் நிறுத்த இரண்டே வழிகள். ஒன்று வரத்தைப் பாதியாக்க வேண்டும், அல்லது தங்கும் காலத்தைப் பாதியாக்க வேண்டும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தும் அங்கே சேரலாம். இரண்டையும் தொடாமல் பீரோவை மட்டும் இன்னும் பெரிதாக வாங்குவது கணக்கில் சேராது.

நாளிதழுக்கு வெளியேறும் வழி இருக்கிறது. ஆனால் துணிக்கடையில் தந்த கட்டைப்பை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, ஸ்வீட் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் டப்பா, மூடி தொலைந்த எவர்சில்வர் சம்படம், எந்தப் போனுக்கென்று தெரியாத சார்ஜர், பிளேடு தேய்ந்த மிக்ஸி ஜார் ஆகியவற்றுக்கு வழியே இல்லை. வரத்து உண்டு, மதகு இல்லை. எனவே அவை தங்கும் காலத்துக்கு முடிவே கிடையாது.

ஏன் அவற்றை வெளியே தள்ள மனம் வருவதில்லை? டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் குவளைகளைக் கொடுத்தார்கள். பிறகு, வைத்திருப்பவர் என்ன விலைக்கு விற்பார், இல்லாதவர் என்ன விலைக்கு வாங்குவார் என்று கேட்டார்கள். குவளை கையில் வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தும், விற்பவர்கள் கேட்ட விலை வாங்குபவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஒரு பொருள் நம்முடையது ஆனவுடனே நம் கண்ணில் அதன் மதிப்பு ஏறிவிடுகிறது. ஆகவே கடையிலேயே "பை வேண்டாம்" என்று சொல்வது எளிது. அதே பையை வீட்டிலிருந்து வெளியேற்றுவது கடினம். வரத்துக்காலில் அடைப்பது மலிவு, ஏரிக்குள் இறங்கி வாருவது செலவு.

எட்டு நொடியும் பதினாறு மணி நேரமும்

பொருள்களின் வரத்தையாவது கண்ணால் பார்க்கலாம். தூசியின் வரத்து கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுத் தூசி என்றால் பெரும்பாலும் நம் உடம்பிலிருந்து உதிர்ந்த தோல்தான் என்று ஒரு பேச்சு உண்டு. தோலின் பங்கு உண்மைதான். மேல்தோல் இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அதன் செதில்கள் எப்போதும் உதிர்கின்றன. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. அமெரிக்க வீடுகளின் தரைத்தூசியைக் கணக்கிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அதில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வந்தது என்று மதிப்பிட்டது. செருப்பில் ஒட்டிவரும் மண், காற்றில் மிதந்துவரும் புழுதி, மகரந்தம், வாகனப் புகை எல்லாம் அதில் அடங்கும். மீதி வீட்டுக்குள்ளேயே உண்டாவது: தோல், முடி, துணியும் போர்வையும் உரசி உதிர்க்கும் நூலிழைகள், அடுப்புப் புகை, ஊதுவத்திச் சாம்பல். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கால் கழுவி உள்ளே வரும் வழக்கம் தூசியின் பெரிய வரத்துக்கால் ஒன்றை அடைத்துவிடுகிறது.

உள்ளே வந்த துகள் எப்போது தரையிறங்கும்? 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கண்ட விதி இதற்குப் பதில் சொல்கிறது. காற்றிலோ நீரிலோ மெல்ல விழும் சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். நீரின் அடர்த்தியுள்ள ஒரு துகள் அசையாத காற்றில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக் கணக்கிடலாம். 100 மைக்ரான் துகள், அதாவது தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுப் பெரியது, 8 நொடியில் தரையைத் தொடும். 10 மைக்ரான் துகளுக்குச் சுமார் 11 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம்! அதுவும் காற்று துளியும் அசையாமல் இருந்தால். ஒருவர் குறுக்கே நடந்தாலே அது மீண்டும் மேலே போய்விடும்.

பூட்டிய வீட்டின் புதிர் இங்கே அவிழ்கிறது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெப்பம் ஒன்றாக இருப்பதில்லை. காற்றின் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கிறது. சாத்திய சன்னலின் இடுக்கு, கதவின் கீழ்ப்பிளவு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியே வீடு நாள்தோறும் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றோடு வரும் நுண்துகள்களுக்கு அமைதியான அறை கிடைத்துவிடுகிறது. கலைக்க ஆளில்லாததால் அவசரமில்லாமல் இறங்கிப் படிகின்றன.

போகியிலும் இதே கணக்கு வேறு விதமாகத் தெரியும். கழித்த பாயையும் துணியையும் டயரையும் தெருவில் கொளுத்தினால் அவை காணாமல் போவதில்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாகிக் காற்றில் மணிக்கணக்கில் தொங்கும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. அவ்வளவு புகையும் எங்கே போகும்? ஒரு பகுதி நாம் அன்று காலையில்தான் துடைத்துவைத்த சன்னல் வழியாக உள்ளேயே திரும்பிவரும்.

பெருக்கும் முறையிலும் ஸ்டோக்ஸின் கணக்குக்கு வேலை இருக்கிறது. பூந்துடைப்பம் பெரிய குப்பையை முறத்தில் சேர்க்கும். நுண்துகளைக் காற்றில் கிளப்பிவிடும். பெருக்கிய கையோடு மேசையைத் துடைத்தால், துடைத்த மேசையின்மேலேயே அது வந்து இறங்கும். அதனால்தான் ஒட்டடையும் அலமாரியும் முதலில், தரை கடைசியில். பெருக்கி முடித்துச் சற்று நேரம் விட்டு, பிறகு ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பெருக்கும்போது "ஃபேனை நிறுத்து" என்று அம்மா போடும் சத்தத்துக்கும், நீர் தெளித்த பிறகே வாசல் கூட்டும் பழக்கத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கிளம்பினால் பிடிக்க முடியாது.

சுழலும் இறக்கையில் ஒட்டிய தூசி

வீட்டில் எந்த நேரமும் காற்றை விரட்டிக்கொண்டிருப்பது மின்விசிறி. ஆனால் வீட்டிலேயே அழுக்கான பொருள்களில் ஒன்றும் அதன் இறக்கைதான். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 350 சுற்றுச் சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் தூசி பறந்துபோக வேண்டாமா?

போகாது. எந்தப் பரப்பின்மீது காற்று ஓடினாலும், பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் பரப்போடு சேர்ந்தே நகரும். வேகம் எல்லாம் அதற்கு வெளியேதான். 1904-இல் ஜெர்மானியர் லுட்விக் பிராண்டல் இதை எல்லைப் படலம் என்று விளக்கினார். விமானவியலின் அடித்தளங்களில் அது ஒன்று. இறக்கையின் முன்விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, காற்று வளைந்து விலகிவிடுகிறது. துகளோ தன் வேகத்தில் வந்து இறக்கையில் மோதுகிறது. மோதியது அந்த அமைதியான படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. விசிறியைக் கழற்றிப் பார்த்தால் முன்விளிம்பில்தான் கரிய திட்டு தடித்திருக்கும்.

ஒட்டிய துகளை எடுப்பது ஏன் கடினம் என்பதற்கு இன்னொரு காரணம் அளவு. துகளின் எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். பரப்போடு அதைப் பிணைக்கும் மூலக்கூறு விசை விட்டத்துக்கு ஏற்ப மட்டுமே குறையும். துகள் பத்து மடங்கு சிறுத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, ஒட்டுவிசை பத்தில் ஒன்றாகத்தான் ஆகிறது. எடையோடு ஒப்பிட்டால் பிடி நூறு மடங்கு இறுகிவிட்டது. அதனால்தான் மண்ணைத் தட்டினால் உதிர்கிறது, மாவுபோன்ற தூசியைத் தட்டினால் உதிர்வதில்லை. உலர்ந்த துணியால் தேய்க்கும்போது மின்னேற்றம் உண்டாகித் தூசியை மறுபடியும் இழுக்கவும் செய்யும். ஈரத்துணியில் அந்தச் சிக்கல் இல்லை. நீர் துகளைச் சூழ்ந்து தன் பரப்பு இழுவிசையால் பிடித்து, துணிக்குள் கொண்டுபோய்விடுகிறது.

கழித்துக்கட்டியதன் பயனும் இங்கே தெரிகிறது. வெற்று அலமாரித் தட்டைத் துடைக்க ஓர் இழுப்பு போதும். அதன்மேல் இருபது பொம்மையும் கோப்பையும் நின்றால் ஒவ்வொன்றையும் எடுத்து, துடைத்து, திரும்ப வைக்க வேண்டும். விழுகிற தூசியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதை எடுக்க ஆகும் நேரம்தான் பெருகுகிறது.

பிசுக்கு முற்றுவதற்குள்

சமையலறைக்கு வந்தால் கதையை வேதியியல் கையில் எடுத்துக்கொள்கிறது. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண்துளிகளாகக் கிளம்பி, குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படிகிறது. டைல்ஸ், மசாலா டப்பாவின் மூடி, எக்ஸாஸ்ட் ஃபேன், பிரிட்ஜின் தலை எதுவும் தப்பாது. இன்று படிந்ததைச் சோப்பு நீரில் நனைத்த துணி ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ஆறு மாதம் ஆனதோ விரலில் பசையாக ஒட்டுகிறதே தவிர வருவதில்லை. என்ன நடந்தது இடையில்?

எண்ணெய் காய்ந்துவிட்டது என்போம். உண்மையில் ஈரம் ஆவியாகிப் போய்க் காய்வதில்லை அது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்குகிறது. தனித்தனியாக இருந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் நிறம் குழைத்துத் தீட்டி, அது இறுகிப் படலமாவதற்குக் காத்திருப்பதும் இதே வேதிவினைக்காகத்தான். நம் பிரிட்ஜின்மேல் நாமே அறியாமல் வார்னிஷ் பூசிக்கொண்டிருக்கிறோம். அதில் தூசி பதிந்து கெட்டியாகிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. இரட்டைப் பிணைப்பு அரிது. ஆகவே அது இப்படி எளிதில் இறுகுவதில்லை.

முற்றிய பிசுக்குக்குக் காரம் வேண்டும். சலவைச் சோடா கலந்த வெந்நீர் கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிக் கரைக்கும். விறகடுப்புக் காலத்தில் சாம்பலும் தேங்காய் நாரும் இந்த வேலையைத்தான் செய்தன. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது.

வீட்டு வேலைக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. தாமதத்தின் விலை நேர்கோட்டில் ஏறுவதில்லை. முப்பது நாள் வேலையை முப்பதாம் நாள் செய்தால் முப்பது மடங்கு நேரம் ஆகும் என்று நினைக்கிறோம். தரைத்தூசிக்கு அதைவிடக் குறைவாகவே ஆகலாம். ஒரு வாரத் தூசியையும் ஒரு நாள் தூசியையும் ஒரே துடைப்பில் எடுக்கலாம். அடுப்பு மேடைக்கோ அதைவிட அதிகம் ஆகும், ஏனென்றால் இடையில் பொருளே வேறாகிவிட்டது. போர்வெல் உப்புநீர் குழாயில் காய்ந்து விடும் வெள்ளைக் கறையும் இந்த வகைதான்: ஈரமாக இருக்கும்போது வெறும் தண்ணீர், காய்ந்த பிறகு சுண்ணாம்புக் கல், எலுமிச்சையோ வினிகரோ இல்லாமல் அசையாது. எல்லாவற்றையும் தினம் சுத்தம் செய்யத் தேவையில்லை. முற்றினால் தன்மை மாறிவிடுகிற இடங்களை மட்டும் தினம் பார்த்தால் போதும். மற்றவை காத்திருக்கும்.

ஈரத்தைக் குடிக்கும் எட்டுக்கால்கள்

காத்திருக்கும் தூசியில் குடித்தனமும் நடக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் 1964-இல் ஒரு நெடுநாள் மர்மத்தை அவிழ்த்தார்கள். வீட்டுத் தூசி பட்டாலே சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வருவது ஏன்? தூசியில் வாழும், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிரே காரணம் என்று காட்டினார்கள். சரியாகச் சொன்னால் அதன் உடலும், குறிப்பாக அதன் எச்சமும்.

இந்தத் தூசிப்பூச்சிக்கு நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் உணவு. தண்ணீரோ குடிப்பதே இல்லை; ஈரக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உடல் வற்றிச் சாகும். நம் கடலோர ஊர்களின் காற்று அதற்கு அமிர்தம். மெத்தை, தலையணை, மாதக்கணக்கில் அசையாத துணிக்குவியல் எல்லாம் அதன் வீடுகள். தலையணையையும் பாயையும் வெயிலில் காயப்போடுவது அந்த ஈரத்தை எடுத்துவிடுகிறது. உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் மடியும். நாற்காலியில் துணி மலை வளராமல் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல, மூச்சுக்காகவும்தான்.

இருபது பொருள், இருபது இடம்

தூசியும் பிசுக்கும் ஒருபுறம் இருக்க, அடுக்கிய பொருள்கள் கலைவது தனிக் கதை. பத்துப் பொருள், பத்து இடம். அவற்றை எத்தனை விதமாக வைக்கலாம்? 36,28,800 விதம். அதில் "சரியான" அடுக்கு ஒன்றே ஒன்று. கலைந்த நிலைகள் லட்சக்கணக்கில் இருக்க, ஒழுங்கு ஒற்றையாக நிற்கிறது. கவனமில்லாமல் வைக்கும் கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

வாயுக்களின் அணுக்களுக்கு இந்த எண்ணிக்கைக் கணக்கைப் போட்டவர் லுட்விக் போல்ட்ஸ்மன். வியன்னாவில் அவர் கல்லறையின்மேல் அந்தச் சூத்திரமே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அணுக்களை வெப்பம் கலைக்கிறது. கத்தரிக்கோல் தானாக நகராது, அதை நகர்த்துவது நாம். எனவே கலைவது விதி என்று கையை விரிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கைக் கணக்கையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். பொருள் இருபதானால் சாத்தியங்கள் சுமார் 24,000 கோடி கோடி, பத்தாகக் குறைத்தால் வெறும் 36 லட்சம், ஐந்தானால் 120-தான். பொருள் குறையக் குறைய, தவறாக வைப்பதற்கான வழிகளே அற்றுப்போகின்றன.

ஸ்ரீபெரும்புதூரிலோ கோவையிலோ தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு "5எஸ்" பலகை பழக்கமானது. ஜப்பானியத் தொழிற்கூடங்கள் வகுத்த ஐந்து படிகள் அவை. வேண்டாததைக் கழிப்பது முதல் படி மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது, துடைப்பது, அதை முறையாக்குவது, விடாமல் கடைப்பிடிப்பது என்று மீதி நான்கும் கழித்ததற்குப் பிறகு நடப்பவை. ஸ்பேனர் மாட்டும் இடத்தில் ஸ்பேனரின் உருவத்தையே வரைந்து வைத்திருப்பார்கள். புதிதாக வந்தவரும் யோசிக்காமல் மாட்டுவார். வீட்டில் சாவிக்கு ஆணி அடிப்பதும் இதுவே. எங்கே வைப்பது என்று தினமும் முடிவெடுக்க வேண்டியிருந்தால் பொருள் மேசையில்தான் இறங்கும்.

ஒரு தாள் அழைத்துவரும் கூட்டம்

மேசையில் ஒன்று இறங்கினால் தனியாக இருக்காது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது. சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் கைப்பிடிகளில் விளம்பரத்தாள்களை மாட்டினார்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லை. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 விழுக்காட்டினர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கல்கள் இருந்தபோது 69 விழுக்காட்டினர் போட்டார்கள். கிறுக்கல் சொன்ன செய்தி ஒன்றுதான்: இங்கே யாரும் கவலைப்படவில்லை. சந்து வேறு, கூடம் வேறு என்றாலும் மேசையின்மேல் கிடக்கும் முதல் ரசீது அடுத்தவர் கண்ணுக்கு அதைத்தான் சொல்கிறது. காலியான மேசையைக் காப்பது எளிது. ஒரு பொருள் ஏறிய மேசையைக் காப்பது கடினம்.

இப்படிக் காக்கும் பழக்கம் ஊன்ற எவ்வளவு நாள் ஆகும்? 21 நாள் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட முடிவு வேறு. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. இதில் ஆறுதலும் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கலைந்துவிடவில்லை. இன்னொரு குறிப்பும் பயன்படும். அவர்கள் புதுச் செயலை ஏற்கெனவே நடக்கும் ஒன்றின் வாலில் கட்டினார்கள், காலை உணவுக்குப் பிறகு என்பதுபோல. இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவியதும் அடுப்பு மேடையைத் துடைப்பது நிலைக்கும். "நேரம் கிடைக்கும்போது துடைக்கிறேன்" நிலைக்காது.

யாருடைய நேரம்?

இவ்வளவு வரத்தையும் ஒருவர் மட்டும் வாரிக்கொண்டிருந்தால்? லாஸ் ஏஞ்சலிஸில் இருவரும் வேலைக்குப் போகும் தம்பதியரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தம் வீட்டைச் சுற்றிக் காட்டியபடியே அவர்களைப் பேசவைத்து, உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். காலையில் உயர்ந்திருக்கும் இந்த ஹார்மோன் மாலைக்குள் இறங்க வேண்டும். வீடு குவியலாகக் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்ற தொனியில் பேசிய பெண்களுக்கு அந்த இறக்கம் மட்டுப்பட்டிருந்தது என்று 2010-இல் சாக்ஸ்பியும் ரெபெட்டியும் எழுதினார்கள். அதே வீட்டில் வாழும் கணவர்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. குவியல் ஒன்றுதான், அதைத் தன் வேலை என்று பார்ப்பவர் ஒருவர்தான்.

இந்தியாவின் கணக்கு இதைவிடக் கூர்மையானது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81 விழுக்காடு, ஆண்கள் 26 விழுக்காடு. வரத்து நான்கு பேர் கையால் வருகிறது. வெளியேற்றம் பெரும்பாலும் ஒருவர் கையில் இருக்கிறது. லிட்டில் விதியை வைத்துப் பார்த்தாலும் இப்படிப்பட்ட வீடு நிரம்பத்தான் செய்யும்.

ஆகவே வீடு சுத்தமா என்று எடைபோடக் கண்ணால் பார்ப்பது சரியான அளவுகோல் ஆகாது. விருந்தாளி வரும் நாளில் எந்த வீடும் பளிச்சென்றுதான் இருக்கும். பிள்ளைகள் விளையாடி, சமையல் முடிந்து, துணி காய்ந்து, வீடு முழுக்கக் கலைந்த இரவில், அது மறுபடியும் தன் நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். கழித்ததன் பலன் அந்த நிமிடங்களில்தான் தெரியும். பொருள் குறைந்து, இடம் குறித்து, முற்றும் இடங்களை அன்றன்றே பார்த்துவந்தால் மூன்று மணி நேர வேலை நாற்பது நிமிடமாகச் சுருங்கும். அந்த நாற்பதை ஒருவரே செய்தால் ஆண்டுக்கு 243 மணி நேரம். நால்வர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம்.